ஏர்லி என்ட்ரி போடலாமா, மிஸ்?

பள்ளிக்கூடத்தில் மேற்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் கெரியர்ஸ் அட்வைசராக இருப்பது ஏறக்குறைய சாத்திரம் சொல்லும் வேலைதான். என்ன, சாத்திரி சொன்னது பிழைத்தால் கிரகத்தின்மேல் பழி போடலாம், எனக்கு அந்த வசதி இல்லை. தமிழர் நிறையக் குடியேறியிருக்கும் பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு பள்ளியில் பதினொரு வருசமாக இதைச் செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு ஏர்லி என்ட்ரி என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: கடைசிப் பரீட்சைக்கு முன்பே, பதினோராம் வகுப்பு மார்க்கையும் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் ஒரு பக்கத்தையும் பார்த்துச் சில பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்துவிடும். போடுவதா, பொறுப்பதா? போன வருசம் அந்தக் கேள்வி என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

செந்தில் சாரின் சந்தேகம்

பெற்றோர் சந்திப்பில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை. மகன் கவினுக்கு எஞ்சினியரிங் வேண்டும். "முன்னாடியே போட்டா, மார்க் வராதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா மேடம்?" என்றார். அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள், இடம் கிடைத்தாலும் கடைசி மார்க்கை வைத்து வேறு நல்ல இடத்துக்குப் போகலாம் என்றேன். நம்பவில்லை. வேறு வேறு மாதிரி மூன்று தரம் விளக்கினேன்.

எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு எழுந்தவர், கதவுவரை போய்த் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி மேடம், போட்டுடறோம். ஆனா நம்ம தமிழ் ஆளுங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரம்

அபிராமி அதிகம் பேசாத பிள்ளை. அவளுடைய அம்மா வசந்தி அகதியாகப் படகில் வந்தவர்; முதியோர் இல்லத்தில் வேலை செய்து தனியாளாக மகளை வளர்த்தவர். வீட்டில் மெடிசின் என்று முடிவாகிவிட்டது. அபிராமிக்கோ நர்சிங்தான் விருப்பம். ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கம்ப்யூட்டரில் நர்சிங்குக்கு விண்ணப்பத்தை நிரப்பினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மிஸ், லெட்டர் வீட்டுக்குப் போகுமா?"

உன்னுடைய ஈமெயிலுக்குத்தான் வரும் என்றேன். அழுத்திவிட்டாள். சட்டப்படி அதில் பிழை இல்லை. ஆனால் ஒரு தாய்க்குத் தெரியாமல் அவளுடைய மகளின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டேனோ என்று தோன்றியது. அம்மாவிடம் சொல்லிவிடு பிள்ளை என்றேன். அபிராமி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒஃபர் வந்தா சொல்லுறன் மிஸ். வராட்டிச் சொல்லத் தேவையில்லைத்தானே?"

முதல் பந்தி

செப்டம்பரில் கவினுக்கு, இடம் தருகிறோம் என்று ஒஃபர் கடிதம் வந்தது. அடுத்த கிழமை கணக்கு ரீச்சர் ஹெலன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "உன் கவின், பள்ளிக் கல்குலேட்டரை இப்போதே திருப்பித் தரலாமா என்று கேட்கிறான். பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது!" ஓடிப்போய் அவனுடைய ஒஃபரை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பந்தியில், அதாவது இரண்டாவது பாராவில், நிபந்தனை இருந்தது: கணக்கில் இன்ன மார்க்குக்குக் குறைந்தால் இடம் இல்லை. போடச் சொன்னவள் நான். அவனை உட்கார வைத்து அதை வாசித்துக் காட்டாதவளும் நான்.

செந்திலுக்குப் போன் செய்தேன். மறுநாளிலிருந்து கவின் தினமும் ஹெலனுக்கு முன்னால் உட்கார்ந்தான். கடைசியில் இரண்டு மார்க்கில் தப்பினான். ஏனடா வாசிக்கவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "முதல் பாராவுல கங்கிராஜுலேஷன்ஸ்னு இருந்துச்சு மிஸ், அதுக்கு மேல ஏன் படிக்கணும்?"

வேலை உடுப்போடு

அபிராமிக்கும் ஒஃபர் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். வசந்தி வேலை உடுப்போடு நேரே என் அறைக்கு வந்தார், பின்னால் அபிராமி. கதிரையைக் காட்டி இருங்கோ என்றேன், உட்காரவில்லை. "பத்து வருசமா வயசானவையைக் குளிப்பாட்டுறன் மிஸ். இவளையும் அதே வேலைக்கு அனுப்பவோ கடல் தாண்டி வந்தனான்?"

அபிராமி போனை எடுத்து, விண்ணப்பத்தில் தான் எழுதிய பக்கத்தைத் தமிழாக்கித் தடுமாறித் தடுமாறிச் சொல்ல ஆரம்பித்தாள். விடுமுறையில் அம்மாவின் இல்லத்துக்கு உதவிக்குப் போனது. அங்கே அம்மா ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன் சுடுதண்ணிக் குழாயில் கையைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டது. அம்மாவின் கை பட்டதும் ஒரு கிழவி அழுகையை நிறுத்தியது. வசந்தி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் எழுதியிருக்கிறாள். ஆனா கடைசி மார்க் வந்தாப்பிறகு மெடிசினையும் ஒருக்காப் பாப்பம்."

ரிசல்ட் அன்று காலை

பயோலஜிப் பரீட்சை அன்று அபிராமிக்குக் கடும் காய்ச்சல். பாதியில் தலைசுற்றி மேசையில் படுத்துவிட்டாள். டிசம்பரில் ரிசல்ட் வந்த காலை வசந்தியின் போன். "மார்க் குறைஞ்சுபோச்சு மிஸ்." எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன மார்க்குக்கு, மெடிசினை விடுங்கள், பொறுத்திருந்து போட்டிருந்தால் நர்சிங்கும் கிடைத்திருக்காது. "அந்த இடம் இன்னும் இருக்கோ?" என்றார். அதில் நிபந்தனை இருந்ததா என்பது எனக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. கடிதத்தைத் தேடி எடுத்து, இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை வாசித்தேன். நிபந்தனை ஒன்றும் இல்லை. இருக்குது வசந்தி, அவளுக்குத்தான் என்றேன்.

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பின்னால் அபிராமி அழுவதும் கேட்டது. "அப்ப சரி மிஸ். எனக்கு வேலைக்கு நேரமாச்சு, போயிட்டு வாறன்."

இத்தனையும் பார்த்த பிறகும், இந்த வருசம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கும் என் சொந்த மகளுக்கு முன்கூட்டியே போடுவதா வேண்டாமா என்று யாரைப் போய்க் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.