ஆறவைத்து அளந்த காய்ச்சல்

மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து, என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் மறைத்தார். நாங்கள் பிழைக்க வந்த மராத்தி ஊரான போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை அவருக்கு. இரும்புப் பாகத்தில் முடியளவு குறை இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். தன் உடம்பு என்றால் மட்டும் எல்லாமே பாஸ்!

பெருங்குடலில் புற்றுநோய், அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவை மருத்துவர் மராத்திக்காரப் பெண்மணி. எங்களோடு இந்தியில் பேசுவார். வயிற்றைத் தைக்கும் இரண்டு முறைகளில் எதில் சீழ் குறைவாகப் பிடிக்கிறது என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. யாருக்கு எந்த முறை என்பதைக் கணினி முடிவு செய்யுமாம்.

"உங்க வயித்தைக் குலுக்குச் சீட்டுலயா போடறாங்க?" என்றேன்.

"ரெண்டுமே நல்ல தையல்தானாம் புள்ள. நாலு பேருக்கு உதவட்டும்" என்று சேர்ந்துகொண்டார்.

அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு ஆய்வுச் செவிலி தினமும் போனில் காய்ச்சல் அளவு கேட்பார். இவரே பார்த்து இவரே சொல்வார். எப்போதும் நார்மல். ஆனால் முகம் வாடிக்கொண்டே போனது. கஞ்சியை ஒதுக்கினார். போர்வைக்குள் நடுங்கினார்.

ஒரு மத்தியானம் அவரைக் கவனித்தேன். நடுக்கம் வந்ததும் பாரசிட்டமால் போட்டார். உடம்பைத் துடைத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் வெகுநேரம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் தெர்மாமீட்டரை எடுத்தார்.

"ஏனுங்க, நடுங்கறப்பப் பாக்காம இப்ப எதுக்குப் பாக்கறீங்க?"

"சூட்டோட அளந்தா தப்பாக் காட்டும் புள்ள. ஆற வெச்சுத்தான் அளக்கோணும்."

தொழிற்சாலையில் அது சரி. கடைந்த இரும்பு ஆறினால்தான் சரியான அளவு தெரியும். அட கடவுளே, இந்த மனுசன் காய்ச்சலை ஆறவைத்து அளந்திருக்கிறார்! சாயங்காலம் மறுபடி நடுங்கியபோது நானே வைத்துப் பார்த்தேன். எகிறியிருந்த எண்ணைக் கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஹிஞ்சேவாடிப் பக்கத்து ஐ.டி. கம்பெனி வண்டிகள் அடைத்த சாலையில் ஆட்டோ நகரவே இல்லை. அவர் பிதற்றத் தொடங்கினார். என் மடியிலேயே போய்விடுவார் என்று நினைத்தேன்.

வயிற்றுக்குள் சீழ் தேங்கி, செப்சிஸ் (தொற்றோடு போராடும் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை) ஆகியிருந்தது.

"பிழைச்சுடுவாரா டாக்டர்?"

"இப்போது எதுவும் சொல்ல முடியாது."

ஐசியூ கதவு திறக்கும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது. உங்கள் வீட்டிலும் அறுவை முடிந்தவர் இருந்தால், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: மாத்திரைக்கு முன்பே, நடுங்கும்போதே அளந்துவிடுங்கள்.

சீழை வடித்தார்கள். மெல்ல மெல்லத் தெளிந்தார். மருத்துவர் அவர் கட்டிலருகே வந்து, "காகா (மராத்தியில் சித்தப்பா), எனக்கு நல்ல எண் வேண்டாம், உண்மையான எண்தான் வேண்டும்" என்றார். இவர் பள்ளிப் பிள்ளை போலத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வெட்டியெடுத்த குடலின் ஓரங்களில் புற்றுநோய் இல்லையாம். திரும்ப வராது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் எங்களுக்கு நாட்காட்டி. அதற்கு அப்பால் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, வருகிறோம் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால், என் கை தானாகப் போய் அவர் நெற்றியைத் தொடுகிறது. சுட்டால் பயம். சில்லென்று இருந்தால் அதைவிடப் பயம்.