தெரியலைன்னு சொல்லுங்க, அக்கா

கண்ணை மூடியிருப்பவரிடம் "வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அளவாகக் குறித்துக்கொள்வதுதான் என் தொழில். அடுத்தவர் வாய்வார்த்தையை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். கோவில்பட்டியில் ஒரு டாக்டர் மதுரையிலிருந்து காந்த மிஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அதன் வளையத்தைப் பின்தலையில் வைத்து இயக்கினால் 'டப்' என்று சத்தம் வரும். மூளையின் பார்வைப் பகுதியைக் காந்தம் சீண்ட, மூடிய கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் மின்னும். காந்தத்தின் எவ்வளவு குறைந்த விசைக்கு மின்னுகிறது என்று நான் குறிக்க வேண்டும். மறுவாரமும் அதே ஆளுக்கு அதே அளவு வந்தால்தான் அதை நம்பலாம். வராவிட்டால் மிஷின் மதுரைக்கு, நான் வீட்டுக்கு.

விதைத்தவர் கவலை

எட்டயபுரம் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் முதலில் வந்தார். பயந்துகொண்டேதான் உட்கார்ந்தார். 'டப்' என்றதும் சிரித்துவிட்டார். இடது பக்கம் பளிச்சென்று மின்னியதாம். மறுவாரமும் அதே பக்கம், அதே அளவு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"மின்னலக் காட்டிட்டீங்க தம்பி, மழைக்கும் இதுல சுவிச்சு இருக்கா?"

காப்பி செய்த வேலை

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பாக்கியம் அக்காவுக்கு எல்லாச் சத்தத்துக்கும் வெளிச்சம் தெரிந்தது. விசையைக் குறைத்தேன், தெரிந்தது. மறுவாரம் இன்னும் குறைத்தேன், அப்போதும் தெரிந்தது. இரண்டு வாரத்து அளவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சந்தேகம் வந்து, வளையத்தைத் தலையிலிருந்து விலக்கிப் பிடித்து வெறும் சத்தத்தை மட்டும் எழுப்பினேன். அதற்கும் "தெரியுது" என்றார். மிஷினை அணைத்துவிட்டு, "நெசமாவே தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டேன்.

"வந்ததும் காப்பி வாங்கிக் குடுத்தீங்க, ஒண்ணும் தெரியலைன்னு எந்த வாயால சொல்ல?"

கடம்பூர் போளி

"தெரியாதப்ப தெரியலைன்னு சொன்னாத்தான்க்கா என் வேலை நிலைக்கும்" என்றேன். அக்கா பதறிப்போனார். அன்று முதல் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சில சத்தம் வெறும் சத்தம், தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உதவி. நடு நடுவே வெறும் சத்தத்தையும் கலந்தேன். காப்பியைக் கடைசிக்குத் தள்ளினேன்.

அக்காவுக்கும் புதிதாக ஆரம்பித்தோம். சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வாரமும் வந்தார். "தெரியல, தெரியல" என்று அவர் கறாராகச் சொல்லச் சொல்ல என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வாரத்து அளவும் ஒத்துப்போயின. மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். நன்றி சொல்ல அக்காவுக்குக் கடம்பூர் போளி வாங்கிப் போனேன். வழியில் பஸ் நின்றுவிட்டதில் போளி விறைத்துப்போயிருந்தது. ஒரு வாய் மென்றவரிடம், "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுக்கும் நெசத்தத்தான் சொல்லணுமா, தம்பி?"

என் மனசு நோகக் கூடாதென்று இல்லாத வெளிச்சத்தைப் பார்த்தவரும், என் பிழைப்பு போகக் கூடாதென்று "தெரியல" என்று சொன்னவரும் ஒரே ஆள்தான். அந்த மனசை அளக்க மதுரையிலும் மிஷின் கிடையாது.