தண்ணீர் வராத நான்கு நாட்கள்

அவள் கண்ணாடி போட்டதே இல்லை. ஆனாலும் சட்டைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்காதான். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் தப்பியிருந்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததுபோல் விரல் சரியாக அங்கே போய் நிற்கும். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே டியூப்லைட்.

ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட் பூட்டியிருந்தது. ஆலையை மூடிவிட்டதாகக் கம்பியில் ஒரு காகிதம். சிலர் சத்தம் போட்டார்கள், சிலர் அழுதார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டுப் பையோடு மூன்றாம் மாடியிலிருந்த தன் ஒற்றை அறைக்குத் திரும்பினாள்.

முதல் வாரம் தூங்கியே கழிந்தது. அடுத்த வாரம் தங்கையின் போனை எடுப்பதை நிறுத்தினாள். "வேலை கிடைச்சுதா?" என்று கேட்டால் என்ன சொல்வது? படிக்கட்டில் காலடி கேட்டால், அது அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் நிற்பாள். கடைக்குப் போவதும் தெரு வெறிச்சோடிய உச்சி வெயிலில்தான். தப்பு செய்தவளைப்போல் ஒளிந்து வாழ்ந்தாள்.

ஏழாவது வாரம் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றது. வாசலுக்கு லாரி வரும் என்றார்கள். முதல் நாள் இருந்த தண்ணீரை வைத்தே ஒப்பேற்றினாள். மறுநாள் வேறு வழியில்லை. இரண்டு வாளிகளோடு இறங்கினாள்.

வரிசையில் முன்னால் நின்ற இரண்டாம் மாடி நர்ஸ் திரும்பினாள். "அட, மேல ஆள் இருக்கீங்களா? காலி வீடுன்னுல்ல நெனச்சேன்!"

"இருக்கேன். வேலை போயிடுச்சு..." ஏழு வாரமாக விழுங்கி வைத்திருந்தது வாய்தவறி வந்துவிட்டது.

நர்ஸ் உச்சுக் கொட்டவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கும் போன வருஷம் இதே கதிதான். நாலு மாசம் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தார். நீங்க வாளியோட இறங்கிட்டீங்களே!"

அப்போதுதான் லாரிக்காரர் குழாயை நீட்டினார். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கிடந்தது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, இந்தச் சட்டை எங்கிட்ட வந்திருந்தா வெளியவே போயிருக்காது!"

"புதுசும்மா இது!" என்று அவர் பதறிக் குனிந்து பார்த்ததில் வரிசையே சிரித்தது. அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மோட்டார் சரியாக மேலும் இரண்டு நாள் ஆனது. காலில் கட்டுப் போட்டிருந்த எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும் அவளே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சும்மா கிடந்தபோது கனத்த உடம்பு, சுமை தூக்கியபோது லேசானது.

ஒருநாள் நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள். "எங்க ஆஸ்பத்திரியில துவைச்ச துணியைப் பாத்துப் பிரிக்க ஆள் வேணுமாம். வாரத்துக்கு நாலு நாள்தான். போய்க் கேட்டுப் பாருங்களேன்."

"இல்லைன்னுட்டா?"

"வந்து டீ குடிப்போம்."

போனாள். வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து இருவரும் டீ குடித்தார்கள். தான் இடிந்துபோகவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியம். அன்று சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஏங்க்கா போனே எடுக்கல? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"வெட்கமா இருந்துச்சுடி. வேலை இன்னும் கிடைக்கல. நீ ஒரு பத்து நாள் வந்து இருந்துட்டுப் போயேன்."

தங்கை வந்தாள். அவள் இருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதலில் வேலைக்கு எடுத்த பெண் நின்றுவிட்டாளாம். மறுவாரமே இவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத சில காலைகளில் மனசு பாரமாகத்தான் விடிகிறது. அன்றைக்கெல்லாம் அவள் முதலில் கதவைத் திறந்து வைக்கிறாள். படியில் யாராவது ஏறினால், "என்ன, கிளம்பியாச்சா?" என்று தானே முந்திக்கொண்டு கேட்கிறாள்.