ஒரே போசியில் மேட்டூர் போன சின்னுசாமி

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். "சின்னுசாமி ஒரு நாளும் பாயில் கிடக்க மாட்டான், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போவான்" என்று சொன்னவன் நானே. போன வெள்ளிக்கிழமை மேட்டூரிலிருந்து ஆள் வந்து சொன்ன செய்தியும் அப்படியே: சாப்பிட்டுக் கை கழுவினவன் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்றாம் வகுப்போடு நின்ற என் வாக்கு எப்படிப் பலித்தது என்று சூரமங்கலமே வியக்கிறது.

சின்னுசாமி என் மனைவியின் தம்பி. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வழியில் பொங்கித் தின்பதில் சேலம் ஜில்லாவில் அவனுக்கு இணை கிடையாது, என்னை விட்டால். அவன் சாமான் ஓர் அலுமினியப் போசி, ஒரு கரண்டி, ஒரு தீப்பெட்டி. அரிசியையும் பருப்பையும் உப்பு, மஞ்சள், மிளகாயோடு வீட்டிலேயே கலந்து துணியில் முடிந்துகொள்வான். "ரெண்டு அடுப்புக் கேக்குற சோறு சைக்கிளுக்கு ஆகாதுங்க மாமா" என்பான்.

அலுமினியத்தை அப்போது நம்மவர்கள் மதிப்பதில்லை. பிச்சைக்காரன் பாத்திரம் என்பார்கள். மேட்டூரில் அணை கட்டுமிடத்தில் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் கிளம்பினான். துணைக்குப் போன நான், குடும்ப மானத்தைக் காக்க, என் பெயர் வெட்டிய பித்தளைக் குண்டாவைக் கேரியரில் கட்டினேன். இருபது பேருக்குப் பொங்கலாம்.

"ஏனுங்க மாமா, சைக்கிளு குண்டாவ ஏத்திட்டுப் போகுதா, குண்டா சைக்கிள ஏத்திட்டுப் போகுதா?"

"உன்ற போசியப் பாத்தா வேலை குடுக்கறவன் ஒரு கை சோத்தப் போட்டுட்டுப் போயிருவான், மாப்ளே!"

"போடட்டுமுங்க. வெறகு மிச்சம்."

இரண்டு வருஷமாக அவன் காட்டில் விளைச்சல் இல்லை, வீட்டில் கைக்குழந்தை. மதியத்துக்குள் பெயர் கொடுத்தால்தான் வேலை. ஓமலூர் ஆற்றங்கரையில் என் குண்டாத் தண்ணீர் சுடுவதற்குள் அவன் சோறு இறங்கிவிட்டது. அதையே இருவரும் தின்றோம்.

மேச்சேரி தாண்டியதும் குண்டாக் கனத்தில் என் பின்சக்கரக் கம்பிகள் பட்பட்டென்று அறுந்தன. "நீ போ மாப்ளே" என்றேன். காற்றாகப் பறந்தான். வரிசையில் முதல் ஆள் அவன்தான். அதிகாரி அவன் போசியைப் பார்த்து, "இவ்வளவு கொஞ்சமாகச் சுமக்கிறவனை நம்பி ஸ்டோரைக் கொடுக்கலாம்" என்று அங்கேயே பெயர் எழுதினார். கல்யாண வீடுகளில் இதை நான் சொல்லிக் கேட்காதவர் உங்களில் யாரும் இல்லை.

அவன் பறக்கவில்லை. அந்தக் கடைசிப் பகுதி நான் இட்டுக்கட்டியது.

"உங்கள நடுரோட்டுல உட்டுப்போட்டு அக்காகிட்டப் போயி என்னன்னு சொல்லுவனுங்க?" என்று இறங்கிவிட்டான். குண்டாவைத் தன் சைக்கிளில் மாற்றிக் கட்டி, எட்டு மைல் என்னோடு நடந்தான். நாங்கள் போனபோது பெயர் எழுதி முடிந்திருந்தது. பதினொரு நாள் ஆற்றோரம் பொங்கித் தின்று, விடிந்ததும் போய் வாசலில் நின்று, எவனோ விலகிய இடத்தில்தான் சேர்ந்தான்.

நான் கதை சொல்லும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பான். ஒரு தடவையும் திருத்தியதில்லை. "அதுல நான் என்னமாப் பறக்கறனுங்க மாமா!" என்று சிரிப்பான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த எட்டு மைல். வேண்டுமானால் போய் அளந்து பாருங்கள். ஒரு முழம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.