செல்லாத தண்ணீர்

"உனக்க படிப்பு ஒரு ஆளை வெளிய தள்ளிச்சு மக்கா. ஒரு ஆளை உள்ள கொண்டுவருமா?" என்று மாமி போன மாதம் என்னிடம் கேட்டார். மாமி, அப்பாவின் அக்கா. எங்கள் கடற்கரையில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்தார்கள். அவர் குரலில் கோபம் இல்லை. மீன் விலை கேட்பதுபோல்தான் கேட்டார். 

அவர் சொன்னது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அந்த வருடம் ஞானோபதேசப் பரீட்சையில் முதல் பரிசாக ஒரு மாதா படம் வாங்கியிருந்தேன். "பிள்ள சொன்னது சரிதான்" என்று, கோயிலில் எங்களுக்கு வேதபாடம் சொல்லித்தந்த உபதேசியார் எல்லோர் முன்னாலும் சொல்லி அதைக் கொடுத்தார். மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் எனக்கு எங்கள் தெருவைப்போலத் தெரியும். உலகம் முடியும் நாளில் எக்காளம் ஊதும்போது வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்றும் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னைச் சொல்லச் சொல்வார். நரக வேதனைகளைத் தடுமாறாமல் சொல்லி முடித்தால் ஒரு துண்டு கருப்பட்டி கிடைக்கும்.

ஆடி மாதத்தில் தம்பி மாதம் நிறையாமல் பிறந்தான். அம்மாவுக்கு இரண்டு நாளாக வலி. தாகத்துக்கு அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பேச்சில் அது கருக்கு. தம்பி அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. வாய் மட்டும் கரையில் போட்ட மீன்போலத் திறந்து மூடியது. பங்குச் சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். சாகப்போகும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். குடம் காலியாக இருந்தது. மாமி அம்மாவின் தலைமாட்டில் இருந்த சிரட்டையை எடுத்து ஊற்றினார். அதில் இருந்தது கருக்கு. அதற்குப் பிறகு தம்பியின் வாய் இரண்டு தடவை திறந்தது.

ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் குழந்தைக்கு நரகம் கிடையாது, மோட்சமும் கிடையாது. கடவுளைக் காணமுடியாத ஓர் இடத்தில் என்றென்றைக்கும் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கைதை என்று நாங்கள் சொல்லும் தாழைப் புதருக்குள் புதைப்பார்கள். கோயில் மணி அடிக்காது.

காலையில் கல்லறைத் தோட்டத்துச் சாவியோடு உபதேசியார் வந்தார். வாசலில் கிடந்த இளநீர்க் கூடு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தரையைப் பார்த்துக்கொண்டே மாமியிடம் கேட்டார்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"நல்ல தண்ணியா?"

"தண்ணிதான்."

"அப்ப சரி. பெட்டியை எடுங்க."

அப்பா குனிந்தார். பெரியவர்கள் ஒரு தப்பைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, "தண்ணியில்ல, கருக்கு" என்றேன்.

"ஏட்டி, நீ உள்ள போ" என்றார் அப்பா.

நான் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் செல்லும், ஆற்றுத் தண்ணீர் செல்லும், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர்கூடச் செல்லும். பாலும் கள்ளும் இளநீரும் செல்லாது என்று ஒப்பித்தேன். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் நின்றார்கள். உபதேசியார் கையிலிருந்த சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"பிள்ள சொன்னது சரிதான்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. செல்லும் தண்ணீர் இருந்த கடல் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது அடி.

அப்பா ஒற்றையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மதிலைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது. நான் உள்ளே போனேன். அம்மா பாயில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"மணி அடிக்கேல்லியே?"

நான் நடந்ததைச் சொன்னேன். செல்லும் தண்ணீர், செல்லாத தண்ணீர் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னேன்.

"எக்காளம் ஊதுற அன்னைக்கு அவன் எந்தப் பக்கம் நிப்பான் மக்கா?"

அதற்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எந்தப் பக்கமும் இல்லை என்றேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் நாளே என் தலையை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

காலால் அந்த இளநீர்க் கூட்டைத் தள்ளியவருக்கு அது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? வெட்டியது அப்பா. ஊற்றியது மாமி. முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு பிள்ளையை மதிலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எல்லோருமாக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒன்றும் தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.

இந்த ஆனிக் கடலேற்றத்தில் கல்லறைத் தோட்டத்தின் கடற்பக்க மதில் விழுந்துவிட்டது. புதிதாகக் கட்டப்போகிறார்கள். கைதைப் புதரையும் உள்ளே சேர்த்துக் கட்ட வேண்டும் என்று மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியாருக்கு இரண்டு பக்கம் விண்ணப்பம் எழுதினேன். என் தம்பிக்கு ஊற்றியது இளநீர் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அங்கே பிள்ளையை விட்ட பதினோரு தாய்மார் கைநாட்டு வைத்தார்கள். அம்மாவின் பெருவிரலை நானே பிடித்து மையில் தொட்டேன். மாமி கடைசியாக வந்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, விரலை நீட்டினார்.

நேற்று அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்றிராணியாரின் குமாஸ்தா வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார். கைநாட்டுகளுக்குக் கீழே இருந்த ஒரே கையெழுத்தைக் காட்டினேன்.