இருபத்துநாலு ஆப்பிள் பப்ஸ்

மாவுச் சுருளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குவாஸ்ட் அதைப் பிரிக்கமாட்டார். சமையல் மேடையில் பத்து நிமிஷம் சும்மா கிடக்க விடுவார். சில்லென்று பிரித்தால் மடிப்பில் விரிசல் விடும். அதிகம் விட்டால் வெண்ணெய் இளகிக் கையோடு வரும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஆப்பிளைத் துருவுவார். துண்டு போட்டால் அதன் முனை மாவைக் கிழிக்கும் என்பது அவர் தானே கண்டுபிடித்தது. துருவலை அள்ளி ஒரு பிழி பிழிந்து, சாற்றை நின்றபடியே குடித்துவிடுவார். துருவலில் கொஞ்சம் பட்டைத்தூள், சர்க்கரை, உலர்திராட்சை. பிறகு சுருளை அதன் தாளோடு விரித்து, பீட்சா வெட்டுகிற சக்கரத்தால் எட்டுச் சதுரம். ஒவ்வொன்றின் நடுவிலும் முதலில் ஒரு சிட்டிகை ரொட்டித்தூள், மிச்சச் சாற்றை அது இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஆப்பிள். முக்கோணமாக மடித்து முள்கரண்டியால் ஓரத்தை அழுத்துவார், ஒரு பக்கத்துக்கு ஐந்து அழுத்து. மேலே மஞ்சள்கரு தடவி அடுப்புக்குள் தள்ளியதும், குட்டை ஸ்டூலை இழுத்துப்போட்டு அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். பதினெட்டு நிமிஷம் மாவு ஏடு ஏடாக எழும்புவதைப் பார்ப்பார். அந்த வீட்டில் அவரைத் தவிர அசைகிற பொருள் அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு இது நடக்கும். அந்த நேரத்தில் மாடிப்படி முழுக்கக் காபி வாசம் இருக்கும். கீழ்வீட்டில் நாற்காலிகள் இழுபடும், யாராவது சிரிப்பார்கள். குவாஸ்ட் இரண்டு பப்ஸ் தின்பார். மிச்சம் ஆறும் தகர டப்பாவில் வாரம் முழுக்க நாளுக்கொன்றாகக் குறையும். மனைவி கரோலா இருந்தபோது மாவை அவளே பிசைவாள். கடை மாவைத் தொட்டால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல். அவள் காஸல் நகரத்துக்கு இன்னொருவரோடு குடிபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போனபோது மாவு உருட்டுகிற கட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஃபோல்க்மார் குவாஸ்டுக்கு ஸாலே ஆற்றங்கரை ஊர் ஒன்றின் நகராட்சியில் சாலைமரப் பிரிவில் வேலை. மரம் வெட்டுவது, இலை வாருவது, காற்றில் சாய்ந்ததைத் தூக்கி நிறுத்துவது. பதினேழு பேர். அங்கே யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். பிறந்தநாள் பட்டியல் என்று சுவரில் எதுவும் கிடையாது. ஓய்வறை ஜன்னல் திண்டில் கேக் இருந்தால் யாருக்கோ பிறந்தநாள். இல்லையென்றால் யாரும் பிறக்கவில்லை. குவாஸ்டின் பிறந்தநாள் நவம்பர் பத்தொன்பது. அத்தனை பேர் முன்னால் நின்று கைகுலுக்கக் கூச்சப்பட்டு, வருஷாவருஷம் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார். அதனால் இருபத்துமூன்று வருஷமாக அந்த ஓய்வறையைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு புயல். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து ஆப்பிள் மரங்கள் இருந்த பழத்தையெல்லாம் உதிர்த்துவிட்டன. குவாஸ்ட் இரண்டு வாளி நிறையப் பொறுக்கி வந்தார். கடையில் மூன்று மாவுச் சுருள்கள், மறுநாள் காலாவதி என்று சிவப்புச் சீட்டோடு கிடந்தன. மூன்றையும் எடுத்தார். செவ்வாய்க்கிழமை விடியுமுன் எழுந்து இருபத்துநாலு பப்ஸ் செய்து முடித்த பிறகுதான், இத்தனையை யார் தின்பது என்று தோன்றியது. பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி வேலைக்குக் கொண்டுபோனார். ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு மண்வெட்டிக்குப் பிடி போடப் போய்விட்டார். வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை.

ஒன்பது மணி இடைவேளைக்கு அவர் உள்ளே வந்தபோது, டப்பா யாருடையது என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

"யோவ், நீயா?" என்றான் ரிக்கோ. முப்பது வயது, எப்போதும் அவன் குரல்தான் முதலில் வரும். "இத்தனை வருஷமா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

"என்னத்த?"

"என்னத்தயாம். பாருங்கய்யா, வெக்கப்படறாரு." ரிக்கோ எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். "நல்லா இருய்யா ஃபோல்க்மார். நீண்ட நாள் இரு."

புயலில் விழுந்த பழம், வீணாகப் போகிறதே என்று செய்தேன் என்ற வாக்கியம் குவாஸ்டின் தொண்டை வரை வந்தது. ரிக்கோவின் கை சூடாக இருந்தது. அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒருவர் தோளைத் தட்டினார், ஒருவர் கட்டியே பிடித்தார். அந்த வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எத்தனை ஆச்சு?"

"அறுபது," என்றார் குவாஸ்ட். நவம்பரில் அவருக்கு வரப்போகிற வயசு, அந்த வருஷம் முழுக்க அவர் மனசில் உருண்டுகொண்டிருந்த எண். வாய் அதைத்தான் எடுத்தது.

"அறுபதா? ரவுண்டு வயசுய்யா! சொல்லாம கொள்ளாம நாலு பப்ஸோட முடிச்சிடலாம்னு பாத்தியா?"

"இருபத்துநாலு," என்றார் குவாஸ்ட்.

"மாவு வீட்டுல செஞ்சதா?"

"கடை மாவு."

"அதான் நல்லா இருக்கு," என்றான் ரிக்கோ. எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் மேஸ்திரி ஹார்ட்முட் கிடங்கிலிருந்து பழைய வேக வரம்புப் பலகை ஒன்றைத் தூக்கிவந்தார். சிவப்பு வட்டத்துக்குள் 60. பதினேழில் குவாஸ்டைக் கழித்து மீதி அத்தனை பேரும் மார்க்கர் பேனாவால் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். எதிர் இருக்கைக்காரர் படித்துவிட்டு வாழ்த்துச் சொன்னார். குவாஸ்ட் நன்றி என்றார்.

வீட்டில் பலகையைச் சுவரோரமாக, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார். அப்போதுதான் பயம் வந்தது. மேல்மாடியில் பணியாளர் பிரிவில் இருக்கும் திருமதி ட்ரோமரிடம் எல்லாருடைய கோப்பும் இருந்தது. அவர் என்றைக்காவது ஒருநாள் அதைத் திறந்தால் போதும். கூட வேலை பார்க்கிறவர்களிடம் வாழ்த்தைத் திருடியவன் என்று பெயர் வந்துவிடும். அந்தப் பதினாறு பேரின் சூடான கையும் ஒரே நாளில் பின்வாங்கிவிடும்.

இன்னொன்றும் இருந்தது. நாள் வருவதற்கு முன்னால் வாழ்த்துச் சொன்னால் அந்த நாளை எட்டமாட்டான் என்பது அங்கே எல்லாருக்கும் இருக்கிற பயம். அவருக்கோ எட்டு வாரம் முந்தியே பதினாறு பேர் சொல்லியாகிவிட்டது, பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவரைச் சேர்த்தால் பதினேழு. குவாஸ்ட் ஏணியில் ஏறுமுன் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். ஆள் இல்லாத தெருவிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நின்றார்.

"ஃபோல்க்மாருக்கு அறுபது வந்ததும் உயிர்மேல ஆசை வந்துடுச்சு," என்று ரிக்கோ கிண்டலடித்தான்.

அக்டோபர் கடைசியில் குவாஸ்ட் ஒரு காரியம் செய்தார். நவம்பர் பத்தொன்பதுக்கு ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்திருந்த லீவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாழ்த்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு, அந்த நாளை அடுப்புக் கண்ணாடிக்கு எதிரே கழிக்க முடியாது என்று தோன்றியது. யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள்.

ட்ரோமர் போனில் கூப்பிட்டார். "குவாஸ்ட், பத்தொன்பது லீவு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. வருஷாவருஷம் எடுப்பீங்களே."

"இலை நிறைய விழுது, மேடம்."

"இலையா," என்றார் ட்ரோமர். "சரி, அடிச்சிடறேன்."

நவம்பர் பத்தொன்பது காலையில் எட்டுப் பப்ஸ் செய்தார். பையில் வைத்து எடுத்துப்போனார். ஜன்னல் திண்டு வரை போய், அங்கே நின்று, பையைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். திண்டில் வைத்தால் யாருக்கு என்று கேட்பார்கள். ஒருவன் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பிறக்க முடியாது.

அன்று ஆற்றோரச் சாலையில் இலை வார எல்லாரும் போய்விட்டார்கள். இலை ஊதுகிற இயந்திரம் ஒன்று பழுதாகியிருந்தது; அதைச் சரிசெய்ய ஹார்ட்முட் குவாஸ்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஆட்கள் இருப்பார்கள் என்று நம்பி வந்த நாளில் பதினாறு காலி நாற்காலிகள். ஒன்பது மணிக்குத் தனியாகக் காபி ஊற்றிக்கொண்டார்.

கதவு திறந்தது. ட்ரோமர். கையில் ஒரு தாள். அவர் கீழே வந்து குவாஸ்ட் பார்த்ததில்லை. குவாஸ்ட் எழுந்து நின்றார். முடிந்தது என்று நினைத்தார்.

"உக்காருங்க. குளிர்காலக் கையுறை வாங்கணும். அளவு எழுதிட்டிருக்கேன். காபி இருக்கா?"

"இருக்கு மேடம்." குவாஸ்ட் ஒரு கோப்பையில் ஊற்றித் தந்தார்.

ட்ரோமர் உட்கார்ந்தார். மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவசரமாகப் போகிறவர் போல இல்லை. "செப்டம்பர்ல ஏதோ ஆப்பிள் பப்ஸ் கொண்டுவந்தீங்களாமே. எனக்கு ஒண்ணுகூட மேல வரல. இந்தத் தடியன்க தீத்துட்டாங்க."

குவாஸ்ட் தரையைப் பார்த்தார். பிறகு குனிந்து பையை இழுத்தார். "இன்னிக்கும் கொஞ்சம்... மீந்துபோச்சு மேடம்."

"மீந்ததா?" டப்பாவுக்குள் எட்டும் முழுசாக இருந்தன. ட்ரோமர் எண்ணிப் பார்த்தமாதிரி தெரியவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார். மாவுத்தூள் தாள்மேல் கொட்டியது. "ஆப்பிளைத் துருவியா போடறீங்க?"

"துண்டு போட்டா மாவு கிழியும்."

"நான் துண்டுதான் போடுவேன். கிழியத்தான் கிழியும்."

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு தின்றார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அடுப்பில் எத்தனை டிகிரி, எந்தக் கடை மாவு நன்றாக எழும்பும், அவ்வளவுதான் பேச்சு. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று குவாஸ்ட் காத்திருந்தார். அவர் கேட்கவில்லை. நானே சொல்லிவிடட்டுமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் காபிதான் குடித்தார்.

எழுந்தபோது ட்ரோமர் தாளை எடுத்தார். "அட, வந்த வேலையையே விட்டுட்டேன். அளவு என்ன?"

"பத்து, மேடம்."

"பத்தா? காட்டுங்க பாப்போம்."

குவாஸ்ட் கையை நீட்டினார். அவர் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து, அளவு பார்ப்பதற்குத் தேவைப்படுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தார். "பத்துதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குவாஸ்ட் பலகையைத் திருப்பி வைத்தார். ட்ரோமருக்கு எதுவும் தெரியாது, தப்பித்தோம் என்றுதான் அவர் நினைத்தார். ஓய்வு பெற்று வடக்கே கடலோரத்துக்குக் குடிபோகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு, பிரிவுபசாரத் தாள்களைக் கோப்பில் சேர்க்கும்போது ஹார்ட்முட் குவாஸ்டின் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அந்தச் செப்டம்பர் செவ்வாய்க்கிழமை, கிடங்கிலிருந்து பலகையை எடுப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று அவர் மேல்மாடிக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தார். கொஞ்சம் இருங்க, கோப்பைப் பாத்துச் சொல்றேன் என்றாராம் ட்ரோமர். காகிதம் புரள்கிற சத்தம்கூட ஹார்ட்முட்டுக்குக் கேட்டது. பிறகு, "ஆமா, இன்னிக்குத்தான். அறுபது," என்றிருக்கிறார்.