என் இடியை நம்பியவர்

கணினி விளையாட்டுகளுக்கு மின்னலும் இடியும் உருவாக்குவது என் வேலை. "மின்னல் ஓகே, இடி நிஜமா இல்ல" என்று மேலாளர் மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பினார். எரிச்சலில், லிங்கராஜபுரத்து வாடகை வீட்டில் மேகம் மூடியிருந்த மதியத்தில் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் அலறவிட்டேன்.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அக்கா. முட்டிவலிக்காரர். எதிரே பார்த்தால்கூட நான் தலையசைத்ததில்லை. மொட்டைமாடியில் காய்ந்த என் துணிகளை அணைத்தபடி மூச்சுவாங்க நின்றார்.

"இடி இடிக்குதுப்பா. மொதல்ல உன் துணிய எடுத்துட்டேன். எங்களுது எடுக்க மறுபடி ஏறணும்."

"ஏறாதீங்கக்கா. அது கம்ப்யூட்டர்ல நான் செஞ்ச இடி."

"அய்யய்யே, நெசம்னே நெனச்சிட்டேன்!" என்று சிரித்தார்.

நான் ஏங்கிக் கிடந்த பாராட்டு அதுதான். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக அவர் இறங்குவதைப் பார்த்தபோது, அது இனிக்கவில்லை.